பாடகிக்குக் கம்பளம் ஆகாது

"இந்தக் கம்பளத்தை யார் விரிச்சது?"

கேள்வி மேடையின் ஓரத்திலிருந்து வந்தது. அரங்கத்தின் கடைசி வரிசையில் குனிந்து நாற்காலி எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மேலாளருக்கு அது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒலிபெருக்கி எதையும் இன்னும் மாட்டவில்லை. அந்தக் குரலுக்கு அது தேவையும் இல்லை.

மேலாளர் ஓடினார்.

மேடைக் கதவருகே பாடகி நின்றிருந்தார். பத்திரிகைகள் அவரைச் 'சூறாவளி அம்மா' என்றே எழுதும். நேரில் பார்த்தால் ஐந்தடிகூட இல்லை. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தானோ என்னவோ, மரக்கட்டை வைத்த செருப்பு போட்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றிருந்த உயரமான மனிதரின் கையைத் தன் கையோடு கொக்கி போட்டதுபோல் கோத்துப் பிடித்திருந்தார். அந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாக அவருக்குப் பியானோ வாசிப்பவர். அமைதியான முகம். எங்கோ நல்ல சேதி கேட்டுவிட்டு வந்தவர் மாதிரி ஒரு புன்னகை.

"எங்க தலைவர் வாங்கினதும்மா" என்றார் மேலாளர், மூச்சு வாங்க. "உங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்னு…"

"எனக்குக் கம்பளம் ஆகாது. வெறும் பலகைதான் வேணும். சுருட்டுங்க."

"இப்பவே சுருட்டிடறேன்."

"இருங்க. நீங்க யாரு?"

"மேலாளர்ம்மா."

"அதை வரும்போதே சொல்லிட்டு வரணும். என் பக்கத்துல யார் வந்தாலும், தூரத்துலயே யாருன்னு சத்தமாச் சொல்லிட்டு வரணும். போகும்போதும் சொல்லிட்டுப் போகணும். பூனை மாதிரி வந்து நிக்கிறது எனக்குப் பிடிக்காது."

"சரிம்மா" என்று திரும்பியவர், நாலடி போய் நினைவு வந்து நின்றார். "மேலாளர் போறேன்!"

சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. நாடகத்தில் ராஜாவுக்குக் கட்டியம் கூறுகிறவன் மாதிரி இருந்தது.

மேலாளருக்கு இந்த வேலை கிடைத்து நாலு மாதம்தான். அதற்கு முன்பு பேருந்து நிலையத்தில் நேர அட்டவணை எழுதிக்கொண்டிருந்தார். அரங்கக் குழுவின் தலைவர் அவர் மனைவியின் அண்ணன். "மாப்ளே, ஒழுங்கான ஆள் நீதான்" என்று கூப்பிட்டு உட்கார வைத்தவர் அவர்தான். கூரை ஒழுகி இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த அரங்கம் அது. புதுக் கூரை போட்ட பிறகு நடக்கப்போகும் முதல் கச்சேரி இது. இது எடுபடாவிட்டால் அரங்கத்தை வாடகைக்குக் கேட்டு ஒரு மெத்தைக் கடைக்காரர் தயாராக இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை வந்து, நாடாவால் நீளம் அகலம் அளந்துவிட்டு, "சும்மாதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கச்சேரி மாலை நாலு மணிக்கு. இப்போது காலை பத்து.

கம்பளம் சுருட்டப்பட்டதும் முதலில் வந்தவர் மச்சான்.

"மாப்ளே! என்ன பண்ணி வெச்சிருக்கே? அந்தக் கம்பளத்துக்குக் கீழே என்ன இருக்குன்னு தெரியுமா தெரியாதா?"

தெரியும். மழைநீர் சொட்டி இற்றுப்போன பலகைகளை மாற்றியிருந்தார்கள். பழைய பலகை கரும்பழுப்பு, புதுப் பலகை வெளுப்பு. மேடை நடுவில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி சதுரமாகத் தெரிந்தது.

"அந்தம்மாவுக்குக் கம்பளம் ஆகாதாம், மச்சான்."

"ஆகாதுன்னா? அரிப்பு வருமா?"

"கேக்கல."

"கேட்டிருக்கணும்."

"நீங்க கேளுங்க. போகும்போது தலைவர் வரேன்னு கத்திக்கிட்டே போங்க."

மச்சான் போகவில்லை.

அதற்குள் பாடகி அடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டார். பியானோக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மேடைக் கதவிலிருந்து பியானோவரை நடந்தார். டக், டக், டக். வாய்விட்டு எண்ணினார். "ஒம்பது, பத்து, பதினொன்னு." திரும்பி நடந்தார். மறுபடி எண்ணினார். இப்படி ஐந்து முறை. பியானோக்காரர் பின்னாலேயே போய் வந்தார்.

"பதினொன்னு" என்று மேலாளரைப் பார்த்துச் சொன்னார் பாடகி. "பியானோ இங்கதான் இருக்கணும். ஒரு விரல்கடை நகர்ந்தாலும் நான் பாட மாட்டேன்."

"ராசியான நம்பர் போல" என்று மச்சான் மேலாளரின் காதில் கிசுகிசுத்தார். "பெரிய கலைஞர்கள்னா அப்படித்தான். ஆனா அந்த மனுஷனைப் பாத்தியா? ஆட்டுக்குட்டியை இழுத்துட்டுப் போற மாதிரி இழுத்துட்டுப் போறாங்க."

அன்று காலை பாடகி மறுத்தது கம்பளத்தை மட்டும் அல்ல. பியானோவில் இசைத்தாளின் பக்கங்களைத் திருப்புவதற்காக உள்ளூர் இசை ஆசிரியர் ஒருவர் புதுக் கோட்டு தைத்துக்கொண்டு வந்திருந்தார். "வேண்டாம். பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து மூச்சு விட்டா எனக்குச் சுருதி போயிடும்" என்று அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கேட்க வருகிறவர்களின் கைபேசிகளை வாசலில் வாங்கி வைத்துவிட வேண்டும், யாரும் படம் எடுக்கக் கூடாது என்றார். வேலை செய்பவர்களுக்கும் அதே சட்டம். நடைபாதையில் வைத்திருந்த பூந்தொட்டிகளை ஒன்றுவிடாமல் எடுக்கச் சொன்னார். தன் அறையில் எந்தப் பொருளையும் யாரும் தொடக் கூடாது என்றார்.

அந்தக் கட்டடத்திலேயே அவர் திட்டாத ஒரே ஆள், தரை துடைக்கும் அக்கா. அக்காவுக்குப் பிறவியிலேயே உரத்த குரல். "தண்ணி வாளி வருது, வழி விடுங்க! இங்க ஈரம்! அக்கா உள்ள வரேன்!" என்று யாரும் சொல்லாமலே அறிவித்துக்கொண்டுதான் நடமாடுவார். பாடகியின் அறைக்கு டீ கொண்டுபோகும் உரிமை அவருக்கு மட்டும் கிடைத்தது.

சிக்கல் சுருட்டிய கம்பளத்தால்தான் பெரிதானது. மூன்று ஆள் தூக்கும் கனம். முதலில் நடைபாதையில் போட்டார்கள். பத்து நிமிடத்தில் "வழியில யார் மரத்தை வெட்டிப் போட்டது?" என்று குரல் வந்தது. மேலாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அத்தனை நீளமான பொருளை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. பாடகிக்கு ஒதுக்கிய அறையின் உட்சுவர் ஓரம். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அதை மட்டும் எதிர்ச்சுவருக்குத் தள்ளிவிட்டால் கம்பளம் கச்சிதமாகப் பொருந்தும். பாடகியும் பியானோக்காரரும் மேடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒத்திகை முடிந்து அவர்கள் திரும்பினார்கள். "மேலாளர் பின்னால வரேன்!" என்று சொல்லிக்கொண்டே அவரும் அறைக்குள் நுழைந்தார்.

"உங்க அரங்கம் அருமையா இருக்குங்க" என்றார் பியானோக்காரர். "கடைசி நோட்டு எவ்வளவு தூரம் போய்த் திரும்பி வருது தெரியுமா! கூரை போட்டவர் யாரோ, அவர் காதுல இசை இருக்கு."

நாலு மாதத்தில் அந்தக் கூரையை ஒருவர் பாராட்டுவது இதுதான் முதல் தடவை. மேலாளருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "அதுக்கு நாங்க பட்ட பாடு இருக்கே, சார்…" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி பியானோக்காரர் பின்னால் சாய்ந்து, நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தார்.

தடாலென்று ஒரு சத்தம்.

மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாடகிதான் முதலில் பாய்ந்தார். அவர் கேட்ட கேள்விதான் மேலாளரைத் திடுக்கிட வைத்தது.

"நாற்காலியை யார் நகர்த்தினது?"

கீழே விழுந்த மனிதரைப் பார்த்து அடிபட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை! நாற்காலி நகர்ந்ததுதான் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது. கல் மனசு என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

"என் தப்புதான்" என்றார் பியானோக்காரர் தரையிலிருந்தபடியே, சிரித்துக்கொண்டு. "கூரைப் பேச்சுல தரையை மறந்துட்டேன். விடுங்க."

"விட மாட்டேன்! இந்த அறையில எந்தப் பொருளையும் யாரும் தொடக் கூடாதுன்னு காலையிலயே சொன்னேனா இல்லையா?"

"நான் நகர்த்தல… நான் நகர்த்தினேன். இனிமே நகராதும்மா. நகரவே நகராது. அதுக்கு நான் பொறுப்பு. மேலாளர் போறேன்!"

போனவர் நேராகத் தச்சரிடம் போனார்.

"நாலு நாற்காலி. தரையோட சேர்த்து ஆணி அடிச்சிடுங்க. பூகம்பம் வந்தாலும் அசையக் கூடாது."

"நாற்காலிக்கா? தரையிலயா?" தச்சர் தலையைச் சொறிந்தார். "எத்தனையோ கிறுக்குத்தனம் பாத்திருக்கேன், சார். இது புதுசு."

"அந்தம்மா உள்ளேதான் இருப்பாங்க. அதனால ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் சத்தமாச் சொல்லிட்டுத்தான் செய்யணும்."

தச்சர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள். அடுத்த அரை மணி நேரம் அறையிலிருந்து வந்த சத்தத்தைக் கட்டடமே கேட்டது.

"தச்சு வேலைக்காரர் உள்ள வரேன்! மொத நாற்காலி! ஜன்னலுக்கு ஓரமா! ஆணி எடுக்கறேன்! அடிக்கிறேன்!"

டமால்.

"ரெண்டாவது ஆணி! அடிக்கிறேன்!"

டமால்.

பாடகி குரலுக்கு ஓய்வு கொடுக்கிற நேரம் அது. மேலாளர் வெளியே ஒவ்வொரு டமாலையும் எண்ணிக்கொண்டு நின்றார். இப்போது கதவு திறக்கும், சூறாவளி வீசும், இரவோடு இரவாக மெத்தைகள் வந்து இறங்கும்.

கதவு திறந்தது. பாடகி எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தச்சர் உங்க ஆளா?"

"ஆமாம்மா. மன்னிச்சிடுங்க, நான் அவரை…"

"இந்த அரங்கத்துல புத்தியுள்ள ஒரே மனுஷன் இவர்தான்." கதவு மூடிக்கொண்டது.

மேலாளர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாகப் பாடுகிற பெண். ஊர் ஊராக ஜனங்கள் இவர் குரலுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். அந்தக் குரல் ஓய்வெடுக்கும்போது சுத்தியல் அடித்தால் பிடிக்கிறது. கம்பளம் விரித்தால் பிடிக்கவில்லை. பேருந்து அட்டவணையில் இப்படிப்பட்ட புதிர்கள் கிடையாது.

மூன்றரை மணிக்குக் கூட்டம் உள்ளே வர ஆரம்பித்தது. மூன்றாவது வரிசையில் மெத்தைக் கடைக்காரர், நாடாவைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மேலாளர் திரைக்குப் பின்னால் நின்று மேடையை ஒருமுறை பார்த்தார். ஏதோ மாறியிருந்தது. ஒட்டுப்போட்ட வெளுத்த சதுரம் கண்ணில் படவில்லை.

"எப்படி, மாப்ளே?" மச்சான் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். "பியானோவைக் கொஞ்சம் முன்னால தள்ளி விட்டேன். ஒட்டு மறைஞ்சு போச்சு பாரு. மூளை வேணும்யா."

"மச்சான்!"

"என்ன?"

"பதினோரு அடி, மச்சான்! பதினோரு அடி!"

மேலாளர் கதவிலிருந்து, பாடகியைப் போலவே குட்டிக் குட்டி எட்டாக வைத்து நடந்து பார்த்தார். பதிமூன்று வந்தது. இரண்டாம் முறையும் பதிமூன்று. "நீ சின்னதா வெக்கறே" என்று மச்சான் தானும் நடந்தார். அவருக்கு ஏழு வந்தது. தச்சரைக் கூப்பிட்டு மூன்று பேருமாகப் பியானோவைப் பின்னால் தள்ளினார்கள். அதன் சக்கரம் ஒன்று புதுப் பலகைகளின் இடுக்கில் இறங்கி உட்கார்ந்துவிட்டிருந்தது. தள்ளத் தள்ள இன்னும் அழுந்தியது.

"விடுங்க, சார்" என்றார் தச்சர். "இனி பலகையைப் பேத்தாத்தான் வரும்."

பத்து நிமிடம்தான் இருந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம், தப்பு நடந்தால் நடந்தது என்று சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்தார். பேருந்து நிலையத்தில் வண்டி தாமதமானால் அவர்தான் அறிவிப்பார். ஜனங்கள் கோபப்படுவார்கள், ஆனால் தெரிந்துகொண்டு காத்திருப்பார்கள்.

"மேலாளர் வரேன்" என்றார் கதவருகே. "அம்மா, பியானோ நகர்ந்துடுச்சு. மறுபடி நகர்த்த முடியல. பதினொன்னு இப்ப பதிமூணா ஆயிடுச்சு. நீங்க பாட மாட்டேன்னு சொன்னா, அது நியாயம்தான். தப்பு எங்களோடது."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"நேராத்தானே நகர்ந்திருக்கு? பக்கவாட்டுல போகலையே?" என்று கேட்டார் பாடகி.

"நேராத்தாம்மா."

பாடகி பியானோக்காரர் பக்கம் திரும்பினார். "பதிமூணு."

"பதிமூணு. சரி" என்றார் அவர்.

அவ்வளவுதான். பாடகி மேலாளரை ஒரு நிமிடம் பார்த்தார். "வந்து சொன்னீங்க பாருங்க. நன்றி" என்றார். அந்தக் குரலில் சூறாவளி இல்லை.

நாலு மணிக்கு விளக்குகள் பிரகாசமாக எரிய, மேடைக் கதவு திறந்தது. பாடகி முனகிக்கொண்டே வந்தார். எல்லாக் கச்சேரியிலும் அவர் அப்படித்தான் மேடையேறுவார் என்று கேள்வி. உதடு திறக்காத ஒரு மெல்லிய ராகம், அதற்குத் தாளம்போல டக், டக் என்று மரச்செருப்பு. இதற்கே கைதட்டல் எழுந்தது. பியானோக்காரர் உட்கார்ந்தார். விரல்களைக் கட்டைகளின் மேல் ஒருமுறை வருடினார்.

பிறகு நடந்ததை மேலாளர் தன் மனைவியிடம் பலமுறை சொல்ல முயன்று தோற்றிருக்கிறார். முதல் பாட்டிலேயே அவர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். காலையிலிருந்து தன்னை விரட்டிய அதே குரல்தானா இது? அது ஒரு வார்த்தையைத் தொட்டால் அந்த வார்த்தைக்கு அன்றுதான் அர்த்தம் வந்ததுபோல் இருந்தது. பியானோ அதற்குக் கீழே தண்ணீர் மாதிரி ஓடியது. குரல் எங்கே கால் வைக்குமோ அங்கே முன்கூட்டியே போய் நின்றது. மச்சான் கம்பளத்தை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலாவது பாட்டின் நடுவே விளக்குகள் அணைந்தன.

ஒன்றுகூட மிச்சமில்லாமல் அணைந்தன. ஜன்னல் இல்லாத அரங்கம் அது. கை எது கால் எது என்று தெரியவில்லை. கைபேசிகள் எல்லாம் வாசலில் கூடையில் கிடந்தன. தச்சர் அடித்த ஆறங்குல ஆணிகளில் ஒன்று தரைக்கு அடியில் போன மின்கம்பியைத் தொட்டிருந்ததும், சூடேறிச் சூடேறி இப்போது அது தன் வேலையைக் காட்டியதும் பிறகுதான் தெரிந்தது.

பாடகியின் குரல் பாதி வரியில் நின்றது. ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ எழுந்து நாற்காலியில் முட்டிக்கொண்டார்.

பியானோ நிற்கவில்லை.

ஒரு நோட்டு தடுமாறவில்லை, ஒரு தாளம் பிசகவில்லை. பாடகி விட்ட வரியை அது தானே வாசித்துக் காட்டியது. வாசித்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தது. மறுபடி வாசித்தது, பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல. மூன்றாவது தடவை, இருட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்து சேர்ந்துகொண்டது. முதலில் நடுக்கமாக, பிறகு முழுசாக.

யாரும் எழுந்து போகவில்லை. முட்டிக்கொண்டவரும் உட்கார்ந்துவிட்டார். இன்னும் மூன்று பாட்டுகள் முழு இருட்டில் நடந்தன. கடைசிப் பாட்டு முடிந்தபோது கைதட்டல் புதுக் கூரையைப் பெயர்த்துவிடும் போல இருந்தது.

"கையைக் குடுங்க. போகலாம்" என்று பியானோக்காரரின் குரல் கேட்டது. டக், டக் என்று பதிமூன்று சத்தம். திரைக்குப் பின்னால் மேலாளரும் மச்சானும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரது அங்க?" என்றார் பியானோக்காரர்.

"மேலாளர்!"

"தலைவர்! திரையில மாட்டிக்கிட்டேன்!"

"ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்குங்க. இடது பக்கம் சுவர். ஒன்பது அடியில ஒரு படி இறங்கும்" என்றார் பியானோக்காரர், தன் வீட்டுக் கூடத்தில் நடப்பவரைப் போல. ரயில் விளையாட்டு விளையாடுகிற பிள்ளைகள் மாதிரி எல்லோரையும் வரிசையாக்கி, ஓர் இடத்திலும் இடிக்காமல் வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய் விட்டார். பெயர் சொல்லிக்கொண்டு வரும் விதி எவ்வளவு உபயோகமானது என்று மேலாளருக்கு அப்போதுதான் உறைத்தது.

மெத்தைக் கடைக்காரர் வெளியே சிவந்த கண்களோடு நின்றிருந்தார். "இந்த இடத்துல மெத்தை அடுக்கினா நான் மனுஷனே இல்ல, சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கச்சேரி எப்போது என்று கேட்டார். மச்சான் அந்த இடத்திலேயே மூன்று மாதத்துக்கு நிகழ்ச்சிகளை அறிவித்தார். கார் கிளம்பும்போது பாடகி கண்ணாடியை இறக்கி, "தச்சரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

கூட்டம் கலைந்து, மின்சாரம் திரும்பி வந்தபோது மணி ஆறு. அறையில் அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். தரையோடு ஆணி அடித்த நாற்காலியில் மேலாளர் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அக்கா, இப்படி ஒரு பாட்டை நான் ஜென்மத்துல கேட்டதில்ல."

"ஆமாங்க, சார்."

"அதுக்காக இன்னும் நூறு கிறுக்குத்தனம் பண்ணினாலும் தாங்கிக்கலாம். ஆனா அந்தப் பியானோ சாரை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. கீழ விழுந்த மனுஷனை என்னன்னுகூடக் கேக்கல. இருபத்திரண்டு வருஷமா அந்தம்மா கிறுக்கை எல்லாம் அவர் எப்படித்தான் பொறுத்துக்கிட்டாரோ!"

அக்கா துடைப்பதை நிறுத்தினார். கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு, அந்தக் கட்டடத்தில் முதல்முறையாக, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டீ கொண்டு போனப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, சார், வெளியில சொல்லிடாதீங்க: அவருக்கு ரெண்டு கண்ணும் போயி நாலு வருஷம் ஆச்சு, 'அவரைப் பாவம்னு பாக்கறதைவிட என்னைக் கிறுக்கின்னு சொல்லிட்டுப் போகட்டும்'னு அந்தம்மாதான் என்கிட்ட சொன்னாங்க."